ஆறரை இஞ்ச்

ஐந்து வாரமாக என் பந்து வளையத்தின் முன்பக்க இரும்பில் இடித்துவிட்டு என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் விலகவில்லை, வலது பக்கம் விலகவில்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், ‘டங்’ என்று ஒரு சத்தம், அப்புறம் தரையில் இரண்டு குதி குதித்து என் காலடியில் வந்து நிற்கும்.

“ஒன் பாலுக்கு ஒம் மேல அவ்ளோ பாசம்டி ஹம்னா. எங்க அனுப்புனாலும் வூட்டுக்கு வந்துடுது” என்பாள் ஷாரோன். வளையத்துக்கு அடியில் நின்று எனக்காகப் பந்து பொறுக்கிப் போடுகிறவள் அவள்தான்.

செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட் ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கிறது. நானும் ஷாரோனும் முதல் வருடம், இரண்டு பேரும் கார்டு. கார்டு என்றால், பந்தை நம் பக்கத்திலிருந்து எதிராளி பக்கம் தட்டிக்கொண்டே கொண்டுபோகிறவள். யாருக்குக் கொடுக்கலாம் என்று ஓடுகிற ஓட்டத்திலேயே முடிவு செய்கிறவள். கொடுக்க ஆளில்லை என்றால் தூரத்திலிருந்து தானே போடுகிறவள். முதல் இரண்டு வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவதில்தான் மானம் போய்க்கொண்டிருந்தது.

மானம் மட்டும் போனால் பரவாயில்லை. நான் சேர்ந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில். மண்டலப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டரில் கோட்டா ரத்து. ரத்தானால் என்னைப் பெற்ற அத்தா என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். “போதும்மா. தெனம் புதுப்பட்டினத்துலேர்ந்து செங்கல்பட்டு, செங்கல்பட்டுலேர்ந்து புதுப்பட்டினம். பஸ்ஸுலயே பாதி வயசு போயிடும். கரஸ்ல படி, கடைல குந்து.” அத்தாவுக்குப் புதுப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை. ‘நூர்முகமது பைப்ஸ்’ என்று பலகை. பைப்பை வளைத்து இணைக்கிற எல்போவில் முக்கால் இஞ்ச் எது, ஒரு இஞ்ச் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே எனக்குச் சொல்லத் தெரியும். அந்தத் திறமையோடு வாழ்க்கை முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

அன்று சனிக்கிழமை. பட்டியல் போக இன்னும் ஏழு நாள். எங்கள் கோச் பிரிசில்லா மேம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னார்:

“பத்து பேரு ரெடி. ரெண்டு எடம் காலி. நீங்க ரெண்டு பேரும் கார்டு. ஒருத்தி போட்டா வுழ மாட்டேங்குது. இன்னொருத்தி போடவே மாட்டேன்றா. இப்டியே இருந்தீங்கன்னா லாங் ஜம்ப் பொண்ணு ஒண்ணு, ஹேண்ட்பால் பொண்ணு ஒண்ணு எழுதி பன்னெண்ட ரொப்பிடுவேன். அவளுங்களாச்சும் ஓடுவாளுங்க.”

ஹேண்ட்பால் பெண் ஜஹனாரா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். “மேம், எனக்கு இந்த ரூல்ஸே தெரியாது மேம்” என்று பரிதாபமாகச் சொன்னாள்.

“குந்திகினு கை தட்ட ரூல்ஸ் எதுக்கு?” என்றார் மேம்.

போடவே மாட்டேன் என்கிறவள் ஷாரோன். செய்யூர்க்காரி. அவள் ஏன் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அது நடந்தபோது நான் எதிரில் நின்றிருந்தேன்.

பத்து மாதத்துக்கு முன்னால், நாங்கள் பன்னிரண்டாவது படிக்கும்போது, மாவட்ட ஸ்கூல் போட்டி. மழை பிய்த்து எடுத்த வாரம். போட்டி நடக்க வேண்டிய மைதானத்தில் முழங்கால் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் காய்ந்து கிடந்த ஒரே கோர்ட் எங்கள் தெருக் கோர்ட்தான். எல்லா மேட்சையும் அங்கே மாற்றிவிட்டார்கள். ஃபைனலில் எங்கள் ஸ்கூலும் ஷாரோனின் ஸ்கூலும். நான் முப்பத்தோரு பாயிண்ட். அதைப் பார்க்க வந்திருந்த பிரிசில்லா மேம் அன்றைக்கே என் பெயரை எழுதிக்கொண்டார். அப்படித்தான் எனக்குக் கோட்டா.

ஷாரோன் அன்று பத்தொன்பது முறை போட்டாள். மூன்று விழுந்தது. மீதி பதினாறும் வளையத்தைத் தாண்டிப் பின்பலகையில் இடித்துப் பறந்தது. செய்யூர்ப் பக்கத்திலேயே நன்றாகப் போடுகிறவள் என்று பெயர் வாங்கியவள். மறுநாளிலிருந்து அவள் பந்தை வளையத்தை நோக்கித் தூக்குவதை நிறுத்திவிட்டாள். மார்க் நன்றாக இருந்ததால் எங்கள் கல்லூரியில் சும்மாவே சீட் கிடைத்தது. டீமுக்கு மட்டும் வந்து நின்றாள். பந்து கையில் வந்தால் நெருப்பு மாதிரி அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள்.

“பெரிய மேட்ச்னா எனக்கு கை நடுங்கிடுது மச்சி. அது எனக்கு வராது. உட்டுடு” என்று ஒருமுறை சொன்னாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

இதுதான் எங்கள் நிலைமை. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி. நாஸ்தாவைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நானும் இடியாப்பம் பிய்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. கடை முகப்பில் இருக்கும் தகரப் பந்தலில் அதன் பின்பக்க உச்சி இடித்து, தகரம் அப்பளம் மாதிரி மடங்கியது.

டிரைவர் இறங்கி வந்து எங்கள் மேலேயே பாய்ந்தான். “இன்னா பாய், தகரத்த இவ்ளோ கீழ எறக்கி வெச்சிகினுகீற? வண்டி வர வாணாமா?”

அத்தா கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. “தகரம் இருவது வருசமா அங்கதான்பா கீது. அது எறங்கல. ரோடுதான் ஏறிடுச்சி.”

“ரோடு எப்டி பாய் ஏறும்?”

“நீ இந்த ஊருக்கு புச்சா? வருசா வருசம் பழசு மேலயே புச்ச கொட்டிகினு போறாங்க. எங்கூட்டுக்கு மொதல்ல மூணு படி ஏறிப் போவோம். இப்ப ரெண்டு படி எறங்கிப் போறோம். வூடு எறங்குச்சா இன்னா?”

இடியாப்பம் என் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

எங்கள் தெருக் கோர்ட் ஏன் மழையில் காய்ந்து கிடந்தது? ஏனென்றால் அது சுற்றிலும் இருக்கிற எதையும்விட உயரம். ஏன் உயரம்? தண்ணீர் தேங்கும்போதெல்லாம் அங்கே ஆடுகிற கிளப் அண்ணன்கள் சேர்ந்து, பழைய தரை மேலேயே ஒரு அடுக்கு கான்கிரீட் போட்டுவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்தே இரண்டு தடவை. ஒன்பது வயதில் ஈர சிமெண்டில் நான் பதித்த கால் தடம் இப்போது அடுத்த அடுக்குக்குக் கீழே எங்கேயோ புதைந்து கிடக்கிறது.

தரை ஏறியது. தரையிலிருந்து சரியாகப் பத்தடியில் இருக்க வேண்டிய வளையத்தை யார் ஏற்றினார்கள்?

கல்லாவுக்கு அடியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். “எங்க போற? கைய கழுவு!” என்று அத்தா கத்தியது பின்னால் கேட்டது.

கோர்ட்டில் என் அண்ணன் அப்பாஸ் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். வார நாட்களில் சிறுசேரி ஐடி கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இங்கேதான். ஊரில் அவன் பெயர் ‘ரிங் அப்பாஸ்’. ஐந்தடி ஏழங்குல ஆள், ஓடி வந்து ஒரு குதி குதித்தால் பத்தடி வளையத்தைக் கையால் தொடுவான். அதைப் பார்க்கவே சின்னப் பையன்கள் வருவார்கள்.

“ண்ணா, இந்த டேப்ப மேல புடி.”

“இன்னாத்துக்கு?”

“புடியேன்.”

கம்பத்தின் குறுக்குக் கம்பியில் கால் வைத்து ஏறி, வளையத்தின் விளிம்பில் டேப்பின் நுனியைப் பிடித்தான். நான் கீழே தரையில் குனிந்து படித்தேன். ஒருமுறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தேன்.

“ஒம்போது அடி அஞ்சர இஞ்ச்.”

“நல்லா பாரு. பத்தா இருக்கும்.”

“ஒம்போது அஞ்சரண்ணா.”

“டேப்பு தப்பு.”

“அத்தா கடை டேப்பு. இத்த வெச்சித்தான் ஊருக்கே பைப்பு வெட்றாரு.”

“அப்ப ஊர்ல எல்லா பைப்பும் தப்பு.” இறங்கி வந்து என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கி, கோர்ட்டின் ஓரத்துக்குப் போனான். அங்கே தரையின் விளிம்பு வெட்டின ரொட்டி மாதிரி தெரியும். அடியில் பழைய கோர்ட், அதன் மேல் ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. கீழ் அடுக்கு மூன்றரை இஞ்ச். மேல் அடுக்கு மூன்று. இரண்டையும் கூட்டினால் ஆறரை. வளையத்தில் குறைந்ததும் அதே ஆறரை.

அப்பாஸ் டேப்பைச் சுருட்டவில்லை. அது பாம்பு மாதிரி தரையில் கிடந்தது.

“போன வருசம்” என்றான் மெதுவாக, “சிறுசேரி கம்பெனில ஒரு கோர்ட்டு கீதுல்ல. அந்த ஐடி பசங்க முன்னாடி தொட்டுக் காட்றேன்னு ஓடிப் போய் எகிறனேன். இவ்ளோ எடம் பத்தல.” கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காட்டினான். “பிரியாணி துன்னுட்டு வந்தேன்பா, அதான்னு சொல்லிட்டு வந்தேன். நானும் அப்டிதான் நெனச்சிகினுகீறேன்.”

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சிரித்தேன். ஐந்து வாரமாக நெஞ்சுக்குள் கிடந்த ஒரு செங்கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. என் கை கெட்டுப் போகவில்லை. என் கை கற்றுக்கொண்டதைச் சரியாகத்தான் செய்கிறது. ஒன்பதரை அடிக்குக் கூடக் குறைவான வளையத்தில் ஏழு வருடம் பழகிய கை, பத்தடி வளையத்தில் அரையடி கீழேதான் இடிக்கும். வெளியூர் கோர்ட்டில் எப்போதுமே சொதப்புவேன். புது இடம், பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சிரிக்காதடி. யார்ட்டயும் சொல்லிடாத” என்றான் அப்பாஸ். “ஊரு சிரிக்கும். அப்பால எம்பேரு இன்னா? ரிங்குக்கு கீழ அப்பாஸா?”

அவன் அப்படிச் சொன்னபோதுதான் என் சிரிப்பு நின்றது.

முப்பத்தோரு பாயிண்ட். அது இந்த வளையத்தில். ஷாரோனின் பதினாறு தவறிய பந்துகள். அதுவும் இந்த வளையத்தில். சரியான பத்தடி வளையத்தில் பழகிய ஒருத்தி இங்கே போட்டால் பந்து எங்கே போகும்? தாண்டித்தான் போகும். தாண்டித்தான் போனது. எடுத்த செங்கல் போய் இன்னொரு செங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை மேமிடம் சொன்னால், “அப்போ ஒன் கோட்டாவே பொய்யா?” என்று கேட்டால்? ஷாரோனிடம் சொன்னால், அவள் மேமிடம் போய்ச் சொன்னால்? யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. டேப் எங்கள் கடையில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கல்லூரிக் கோர்ட்டில் வளையத்தின் முன் இரும்பைப் பார்க்காமல் பின் இரும்பைப் பார்த்துப் போட்டேன். பத்தில் மூன்று விழுந்தது. செவ்வாய்க்கிழமை பத்தில் ஐந்து. கை இன்னும் பழைய வீட்டுக்கே போகத்தான் பார்த்தது. தள்ளித் தள்ளி மேலே ஏற்றினேன்.

புதன்கிழமை மாலை, ஏழாவது பந்து வலைக்குள் சர்ரென்று இறங்கியதும் ஷாரோன் அதைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

“இன்னாடி மாயம் பண்ண? ரெண்டு நாள்ல இப்டி வுழுது?”

“சும்மா… கொஞ்சம் மேல பாத்து போட்றேன்.”

“எனக்கும் சொல்லிக் குடு மச்சி. ஒனக்கு வந்த மாதிரி எனக்கும் வந்தா, மேம் அந்த ஜஹனாராவ எழுத மாட்டாங்க இல்ல?”

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஐந்து வாரம் எனக்காகப் பந்து பொறுக்கியவள், கையில் பந்தை வைத்துக்கொண்டு, பிச்சை கேட்கிற மாதிரி நின்றாள். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை.

“ஒனக்கு சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்லடி. ஒங்கிட்ட தப்பே இல்ல” என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். லாரி, தகரம், டேப், அடுக்கு, அப்பாஸ் பிரியாணி உட்பட.

ஷாரோன் பந்தைக் கீழே வைத்தாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். திரும்பவும் கட்டினாள். ஏரிக்கு அந்தப் பக்கம் தாம்பரம் ரயில் போய் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“எத்தினி இஞ்ச் சொன்ன?”

“ஆறர.”

“அரையும் சேத்தா?”

“சேத்துதான்.”

“அன்னிக்கி எங்கப்பா லீவு போட்டுகினு வந்தாரு. பஸ்ஸுல திரும்பி போவ சொல்ல, பிஸ்கட் பாக்கெட்டு வாங்கி எங்கைல குடுத்துட்டு ஜன்னல் பக்கமா திரும்பிகினாரு. செய்யூரு வர்ற வரைக்கும் திரும்பவே இல்ல. நா அழுவறத பாக்கக் கூடாதுன்னு.” மூக்கை உறிஞ்சினாள். போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, அன்னிக்கி புதுப்பட்டினத்துல மேட்ச்சு ஆடனேன்ல, அந்த ரிங்கு ஆறர இஞ்ச் கீழ இருந்துச்சாம்பா! டேப்பு வெச்சு அளந்துட்டாங்க!”

மறுமுனையில் அவள் அப்பா கிருபாகரன் அங்கிள், “அதான பாத்தேன்” என்றார். “எம் பொண்ணு போட்டா தாண்டிப் போவுமா? அன்னிக்கே நெனச்சேன், எதோ ஒண்ணு சரி இல்லன்னு. நா காத்துன்னு நெனச்சேன்.” அப்புறம், “இதுக்கு கேஸு போடலாமா?” என்றார்.

“யார் மேலப்பா? சிமெண்ட்டு மேலயா?”

“சரி உடு. சாப்ட்டியா?”

போனை வைத்துவிட்டு எழுந்தாள். மூன்று பாயிண்ட் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் அவளுக்குப் பந்தை அனுப்பினேன். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஷாரோன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். கை நடுங்கியது, எனக்கே தெரிந்தது. பந்து போன விதத்தில் நடுக்கமே இல்லை. வலை மட்டும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. இரும்பைத் தொடவே இல்லை.

“இன்னொண்ணு குடு” என்றாள். கொடுத்தேன். அதுவும். “இன்னொண்ணு.” அது வெளியே போனது. அவள் கவலைப்படவே இல்லை. “இன்னொண்ணு குடுறீ!”

இருபதோ இருபத்தைந்தோ போட்டு முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ஞாயித்துக்கெழம.”

“இன்னிக்கி புதன்.”

“ஆமா.”

“மூணு நாளு.”

“ஆமாண்டி. பயந்துட்டேன். என் கோட்டா போயிடும்னு.”

முறைத்தாள். நன்றாக முறைத்தாள். “நாளிக்கி மூணு முட்ட பப்ஸு. நாளுக்கு ஒண்ணு. அப்பால மேம்கிட்ட ரெண்டு பேரும் போறோம். நீ பேசு. நா பின்னால நிக்கறேன்.”

“பின்னாலயா?”

“நீ ஓடாம இருக்க.”

வியாழக்கிழமை மத்தியானம் மேமின் அறை. நான் சொல்லி முடிக்கும் வரை பிரிசில்லா மேம் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. ஆறரை இஞ்ச் என்றதும் நிறுத்தினார்.

“ஏய், அன்னிக்கி நா அந்த ரிங்குக்கு கீழதான் நாலு மணி நேரம் நின்னேன்” என்றார். “ரெண்டு ரெஃப்ரி நின்னாங்க. ஒருத்தருக்கு கூட தெரியல. யார்னா கேட்டா எங்க மூஞ்ச எங்க வெச்சிக்கறது? வெளில சொல்லித் தொலைக்காதீங்கடி.”

அப்பாஸும் மேமும் ஒரே கட்சி என்று தோன்றியது. ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. “மேம், அப்ப என் கோட்டா…”

“அதுக்கு இன்னா?”

“முப்பத்தோரு பாயிண்டு பாத்துதான எடுத்தீங்க. அது நெஜமில்ல மேம்.”

மேம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, கசங்கின ஃபைலைத் தேடி எடுத்து, உள்ளே இருந்த கடிதத்தின் நகலை என் பக்கம் திருப்பினார். கோட்டாவுக்காக அவர் எழுதிய சிபாரிசு. அதில் பாயிண்ட் கணக்கே இல்லை. ‘மூன்று ஆட்டங்களில் ஒருமுறைகூடப் பந்தை எதிரணியிடம் இழக்காத கார்டு’ என்று இருந்தது. அவ்வளவுதான். ஒரே வரி.

“ரிங்கு மேல இருந்தாலும் கீழ இருந்தாலும், பால் புடுங்க வர்றவ கை ஒரே ஒசரந்தான்” என்றார். “ஒங்கிட்டேர்ந்து யாரும் புடுங்கல. அத்த எங்கண்ணால பாத்தேன். பாயிண்டு போட எவளுக்கு வேணா சொல்லித் தந்துக்கலாம்.”

அந்த வரியை இன்னொருமுறை படித்தேன். பின்னால் நின்ற ஷாரோன் என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஓடாமல் இருக்க அல்ல, விழாமல் இருக்க.

“ரொம்ப சந்தோஷப்பட்டுக்காத” என்றார் மேம். “லெட்டரு வேற, லிஸ்ட்டு வேற. நாளிக்கி சாயந்தரம் மேட்ச்சு வெக்கறேன். சீனியருங்க கூட. அதுல ஆடிக் காட்டலன்னா ஜஹனாராதான்.”

வெள்ளிக்கிழமை சாயந்தரம். எதிர்ப்பக்கம் கேப்டன் துர்காதேவி அக்கா. என் பக்கத்தில் முதல் முறையாக ஷாரோன். இதுவரை, இரண்டு பேரும் கார்டு என்பதால், எங்களை எதிரெதிராகவே ஆட விட்டிருந்தார் மேம்.

எடுத்த எடுப்பில் என் முதல் பந்து முன் இரும்பில் டங்கென்று இடித்தது. “வூட்டுக்கு வந்துடுச்சா?” என்று துர்கா அக்கா சிரித்தாள். கை பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? ஆனால் இந்தத் தடவை அது ஏன் இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடுகிறது.

அப்புறம் பந்தைத் தட்டிக்கொண்டு போய், மூன்று பேரை என் பக்கம் இழுத்துவிட்டு, மூலையில் நின்ற ஷாரோனுக்குத் தள்ளினேன். பழைய ஷாரோனாக இருந்தால் திருப்பி எனக்கே தள்ளியிருப்பாள். இவள் தூக்கிப் போட்டாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது துர்கா அக்கா கத்தினாள்: “யார்றீ இவ? இவ்ளோ நாளா எங்க இருந்த?”

“செய்யூர்லதான் அக்கா!” என்று ஓடிக்கொண்டே பதில் சொன்னாள் ஷாரோன்.

அதன் பிறகு இரண்டு பேர் அவளையே ஒட்டிக்கொண்டார்கள். அதனால் எனக்கு எதிரில் ஆள் இல்லை. அவள் எனக்குத் திருப்பினாள். காலி இடம், பந்து கையில், நேரம் இருக்கிறது. பின் இரும்பைப் பார்த்தேன். ஆறரை இஞ்ச் மேலே, ஆறரை இஞ்ச் மேலே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். பந்து பின் இரும்பில் இடித்து, முன் இரும்பில் இடித்து, வளையத்தின் மேல் உட்கார்ந்து ஒருமுறை யோசித்து, உள்ளே இறங்கியது. அழகாக இல்லை. ஆனால் உள்ளேதான்.

மேட்ச்சில் நாங்கள் தோற்றோம், நான்கு பாயிண்டில். சீனியர்கள் சீனியர்கள்தான். நான் போட்டது ஒன்பதில் நான்கு. என்னிடமிருந்து ஒருவரும் பந்தைப் பிடுங்கவில்லை.

மேம் விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே பட்டியலில் ஏதோ எழுதினார். பேனாவை மூடினார். “பதினொண்ணு ஹம்னா, பன்னெண்டு ஷாரோன். போய் முட்டி தேச்சுக் கழுவுங்க, கண்றாவியா கீது” என்றார்.

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது ஜஹனாராதான். ஓடி வந்து எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு, “அல்லாவே, தப்பிச்சேன்” என்றாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது அத்தாவிடம் சொன்னேன். “லிஸ்ட்டுல பேரு வந்துடுச்சித்தா.” அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்ப கடைக்கு வேற ஆளு பாக்கணும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவிடம், நான் கேட்கிற மாதிரியே, “ஏங் கடை டேப்பு வெச்சித்தான் கண்டுபுடிச்சுதாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷாரோன் புதுப்பட்டினம் வந்தாள். கிருபாகரன் அங்கிளும் கூடவே வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. வளையத்தை ஏற்றிப் போட அப்பாஸ் வெல்டிங் கலைவாணனைக் கூட்டி வந்திருந்தான். ஊருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் கெஞ்சியவனே, இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டான். “மண்டலத்துல ஆடப் போற பொண்ணு தப்பு ரிங்குல பழகக் கூடாதுல்ல” என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கலைவாணனின் வெல்டிங் ராடைப் பார்த்துச் சொன்னான்.

“கொஞ்சம் இருங்கண்ணா” என்றாள் ஷாரோன். “ஏத்தறதுக்கு முன்னால எனக்கு ஒரு வேல கீது.”

பத்தொன்பது முறை போட வேண்டும் என்றாள். அன்று நின்ற அதே இடங்களில், அதே கீழ் வளையத்தில். அங்கிள் கோர்ட் ஓரத்தில், அந்த அடுக்குத் தெரிகிற விளிம்பில் போய் உட்கார்ந்தார். முதல் பந்து அன்றைக்குப் போலவே தாண்டிப் பறந்து பலகையில் இடித்தது. அங்கிள் முட்டியில் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். “பாத்தியா, பாத்தியா! அதே தான்! அன்னிக்கும் இப்டித்தான் போச்சு!” ஒரு பந்து தவறியதற்கு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நாலைந்து போனபின் ஷாரோன் கையைக் கொஞ்சம் இறக்கினாள். மீதியில் ஒன்றிரண்டுதான் வெளியே போனது.

“போதும். ஏத்துங்க” என்றாள்.

கலைவாணன் ஏற்றினான். அத்தா கடை டேப்பை நானே பிடித்தேன். பத்தடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லோரும் அப்பாஸைப் பார்த்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்தான், பின்னால் போனான், ஓடி வந்து எகிறினான். விரல் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் அரைச் சாண் வெளிச்சம்.

“காலைல பிரியாணியாண்ணா?” என்று கேட்டேன்.

“இல்லடி” என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. “இட்லி.” திரும்பவும் பின்னால் நடந்து போனான், ஓடி வர.